எண்ணுக்குக் காரணம் சொல்லத் தெரிந்த டிசைனர்

இயந்திர வடிவமைப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்பவருக்கு முதல் வருடம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கழிகிறது. சீனியர் செய்த முப்பரிமாண மாடலிலிருந்து தட்டை டிராயிங் எடுப்பார். பழைய டிராயிங்கில் ஒரு துளையை 5 மி.மீ. தள்ளி வைத்து ரிவிஷன் எண்ணை மாற்றுவார். பாகங்களின் பட்டியலில் போல்ட், வாஷர் எண்ணிக்கையைச் சரிபார்ப்பார். இரண்டாம் வருடம் முடியும்போது மவுஸில் கை பறக்கும். கூடவே ஒரு கேள்வியும் வந்துவிடும்: நான் டிசைனரா, மென்பொருள் ஓட்டுபவரா?

கேள்வி நியாயமானது. பலர் இதற்கு விடையாக இன்னொரு மென்பொருள் பயிற்சியில் சேர்கிறார்கள். சாலிட்வொர்க்ஸ் தெரிந்தவர் கிரியோ கற்கிறார், கிரியோ தெரிந்தவர் என்எக்ஸ் கற்கிறார். கற்பதில் தவறில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை அங்கே இல்லை. ஒரு டிராயிங்கில் முப்பது நாற்பது எண்கள் இருக்கும். அவற்றில் ஒவ்வொன்றும் ஏன் அந்த எண், கூட்டினால் என்ன ஆகும், குறைத்தால் யாருக்கு வலிக்கும் என்று சொல்லத் தெரிந்தவர் டிசைனர். முதல் ஐந்து வருடங்களில் சேர்க்க வேண்டிய சொத்து இந்தக் காரணங்கள்தான் என்பது என் உறுதியான கருத்து. பதவியும் சம்பளமும் பின்னால் வருபவை.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் இது அறிவுரையாகிவிடும். ஒரு சின்னப் பொருளை எடுத்து அதன் எண்களுக்குள் இறங்கிப் பார்ப்போம்.

ஒரு 3 எச்.பி. மோட்டார், அதாவது 2.2 கிலோவாட். வேகம் நிமிடத்துக்கு 1440 சுற்று. வி-பெல்ட் வழியாக அது ஒரு ஷாஃப்ட்டை அதே வேகத்தில் சுற்ற வைக்கிறது. ஷாஃப்ட்டின் விட்டம் 25 மி.மீ. அதைத் தாங்க 6205 எண்ணுள்ள இரண்டு பால் பேரிங்குகள், அவற்றுக்கு இடையே 200 மி.மீ. தூரம். பேரிங்குக்கு வெளியே 60 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் 100 மி.மீ. விட்டமுள்ள புல்லி. கோயம்புத்தூர் கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ உள்ள பட்டறைகளில் இதுபோன்ற அமைப்பு தினமும் பூட்டப்படுகிறது. இதை மாடலாகச் செய்ய அரை மணி நேரம் போதும்.

இப்போது முதல் கேள்வி: பேரிங் ஏன் 6205? ‘ஷாஃப்ட் 25, அதனால் 6205’ என்பதே வழக்கமான பதில். 25 மி.மீ. துளையுள்ள பேரிங் 6005-ம் இருக்கிறது, 6305-ம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 2.2 கிலோவாட், 1440 சுற்று என்றால் முறுக்கு விசை சுமார் 14.6 நியூட்டன் மீட்டர். புல்லியின் ஆரம் 50 மி.மீ. என்பதால் பெல்ட்டின் இரு பக்க இழுவிசைகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் சுமார் 290 நியூட்டன். ஆனால் ஷாஃப்ட்டை இழுப்பது அந்த வித்தியாசம் அல்ல. இரு பக்கமும் சேர்ந்த கூட்டுத்தொகைதான் இழுக்கிறது. வி-பெல்ட்டுக்கு அந்தக் கூட்டுத்தொகையை வித்தியாசத்தைப் போல் இரு மடங்காக வைத்துக்கொண்டால் சுமார் 580 நியூட்டன், ஏறக்குறைய அறுபது கிலோ எடை தொங்குவதற்குச் சமம்.

அந்த இழுவை இரண்டு பேரிங்குகளுக்கும் சமமாகப் பங்கு பிரிவதில்லை. புல்லி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அருகிலுள்ள பேரிங்கின் மேல் சுமார் 750 நியூட்டன் விழுகிறது. பெல்ட் இழுப்பதே 580 தான், பேரிங் தாங்குவது அதைவிட அதிகம். தூரத்துப் பேரிங்கில் சுமார் 175 நியூட்டன், அதுவும் எதிர்த்திசையில். இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் கையால் போட்டுப் பார்த்தவருக்கு, அடுத்த முறை எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் எந்தப் பேரிங் முதலில் போகும் என்ற பார்வை தானே வந்துவிடும்.

பேரிங்கின் ஆயுளுக்கு உலகம் முழுவதும் ஒரே அடிப்படை விதிதான். பட்டியலில் கொடுத்துள்ள சுமைத்திறனை உண்மையான சுமையால் வகுத்து, அந்த விகிதத்தை மும்முறை பெருக்கினால் பத்து லட்சம் சுற்றுகள் என்ற கணக்கில் ஆயுள் கிடைக்கும். நூறு பேரிங்குகளில் தொண்ணூறு தாண்டும் ஆயுள் அது. 6205-இன் சுமைத்திறன் சுமார் 14 கிலோநியூட்டன். நம் சுமைக்கு விடை ஏறக்குறைய 74,000 மணி நேரம். இரண்டு ஷிஃப்ட், வருடத்துக்கு முந்நூறு நாள் என்று ஓட்டினால் பதினைந்து வருடம். தேவைக்கு மேலேயே இருக்கிறது.

ஆக, பேரிங்கின் அளவை ஆயுள் முடிவு செய்யவில்லை. ஷாஃப்ட்டின் விட்டம்தான் முடிவு செய்தது. அப்படியென்றால் ஷாஃப்ட் ஏன் 25? வளைவால் வரும் தகைவைக் கணக்கிட்டால் சதுர மி.மீ.க்கு 23 நியூட்டன் அளவில்தான் வருகிறது. சாதாரண இ.என்.8 எஃகே இதைப் போல் பல மடங்கு தாங்கும். வலிமைக்காக இந்த விட்டம் தேவையில்லை. பிறகு எதற்கு? விறைப்புக்காக. இந்த இடத்தை இளம் டிசைனர்கள் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

புல்லி 60 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்போது ஷாஃப்ட்டின் முனை சுமார் 0.05 மி.மீ. வளைகிறது. ஒரு நாள் சீனியர் வந்து, “பெல்ட் கார்டுக்கு இடம் பத்தலை, புல்லியை இன்னும் 60 தள்ளிடு” என்கிறார். மாடலில் ஒரு எண்ணை மாற்றினால் முடிந்தது. ஆனால் அந்த ஒரு எண்ணால் முனையின் வளைவு 0.05-இலிருந்து சுமார் 0.23 மி.மீ. ஆகிறது, கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. அருகிலுள்ள பேரிங்கின் சுமை 930 நியூட்டனாகிறது. அதன் ஆயுள் 74,000 மணியிலிருந்து 40,000 மணியாக, ஏறக்குறைய பாதியாக விழுகிறது.

இதைச் சரிசெய்ய ‘எஃகை மாற்றுவோம், இ.என்.24 போடுவோம்’ என்று ஒருவர் சொல்லக்கூடும். கூடுதல் விலை கொடுத்தும் பயன் இருக்காது. இ.என்.8 ஆனாலும் இ.என்.24 ஆனாலும் எஃகின் மீள்தன்மைக் குணகம் ஏறக்குறைய ஒன்றுதான். வலிமை கூடும், வளைவு அப்படியே இருக்கும். விட்டத்தை 25-இலிருந்து 30 ஆக்கினால் வளைவு பாதியாகும். ஏனென்றால் விட்டத்தின் நான்காவது அடுக்கு அங்கே வேலை செய்கிறது. புல்லியை உள்ளே இழுத்தால் அதைவிட நல்ல பலன், அதுவும் செலவில்லாமல். பெல்ட் கார்டின் வடிவத்தை மாற்ற முடியுமா என்று கேட்பதே அந்த இடத்தில் சரியான கேள்வி. இந்த மூன்று வழிகளையும் எண்களோடு சீனியர் முன் வைக்கத் தெரிந்த இரண்டாம் வருட இன்ஜினியரை எந்த நிறுவனமும் கவனிக்காமல் விடாது.

இன்னும் ஒன்று. இயந்திரம் வாடிக்கையாளரிடம் போன பிறகு அங்குள்ள பராமரிப்பு ஆள் பெல்ட் வழுக்குகிறது என்று இறுக்கிவிடுவார். அளவு பார்த்து இறுக்குவது அபூர்வம். இழுவை இரட்டிப்பானால் ஆயுள் எட்டில் ஒரு பங்கு. நீட்டிய புல்லியோடு 40,000 மணி இருந்தது 5,000 மணியாகும். இரண்டு ஷிஃப்ட் ஓடும் ஆலையில் அது ஒரு வருடத்துக்குச் சற்றுதான் கூடுதல். ‘உங்க மெஷின்ல வருஷத்துக்கு ஒரு தடவை பேரிங் போகுதுங்க’ என்று சர்வீஸ் பிரிவுக்கு வரும் புகாரை, டிராயிங்கில் மாறிய அந்த 60 மி.மீ.யோடு சேர்த்துப் பார்க்கக்கூடியவர் வடிவமைப்புப் பிரிவில் ஒருவராவது இருக்க வேண்டும். அவர் நீங்களாக இருக்கலாம். அதனால்தான் சொல்கிறேன், வாய்ப்புக் கிடைத்தால் சர்வீஸ் இன்ஜினியரோடு ஒருமுறை வெளியூர் போய் வாருங்கள். கழற்றிய பேரிங்கைக் கையில் வாங்கி, ஓட்டப்பாதையில் தேய்மானம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது டாலரன்ஸ். அந்த ஷாஃப்ட்டில் பேரிங் உட்காரும் இடத்துக்கு 25 கே6 என்றும், ஹவுசிங் துளைக்கு 52 எச்7 என்றும் பழைய டிராயிங்கில் இருக்கும். புதிதாக வந்தவர் அதை அப்படியே நகலெடுப்பார். கே6 என்றால் ஷாஃப்ட் 25 மி.மீ.யைவிட 2 முதல் 15 மைக்ரான் பெரிது. பேரிங்கின் துளையோ 25-ஐவிட 10 மைக்ரான் வரை சிறியதாக இருக்கலாம். ஆகவே உள்வளையம் 2 முதல் 25 மைக்ரான் இறுக்கத்தில் ஏறும். ஹவுசிங் பக்கம் நேரெதிர். எச்7 துளை 0 முதல் 30 மைக்ரான் பெரிது, பேரிங்கின் வெளிவளையம் 0 முதல் 13 மைக்ரான் சிறிது. அங்கே 0 முதல் 43 மைக்ரான் வரை இடைவெளி.

ஏன் உள்ளே இறுக்கம், வெளியே தளர்வு? பெல்ட் எப்போதும் ஒரே திசையில் இழுக்கிறது, ஷாஃப்ட் சுற்றுகிறது. ஆகவே உள்வளையத்தின் ஒவ்வொரு புள்ளியும் மாறி மாறிச் சுமைக்கு அடியில் வருகிறது. அது தளர்வாக இருந்தால் ஷாஃப்ட்டின் மேல் மெல்ல மெல்ல நகர்ந்து ஷாஃப்ட்டைத் தின்றுவிடும். வெளிவளையத்தில் சுமை ஒரே இடத்தில் நிற்பதால் அங்கே நகர்வு வராது. இதே காரணம் தெரிந்தவர், ஷாஃப்ட் நிற்க வெளிவளையம் சுற்றும் ஒரு கன்வேயர் ரோலரை வடிவமைக்கும்போது ஃபிட்டுகளைத் தலைகீழாக மாற்றுவார். நகலெடுத்தவர் அங்கேயும் கே6, எச்7 என்றே போடுவார். ரோலர் சில மாதங்களில் கடகடக்கும்.

வெளியே தளர்வு வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஷாஃப்ட் ஓடி ஓடிச் சூடாகும். 300 மி.மீ. நீளமுள்ள எஃகு ஷாஃப்ட், ஹவுசிங்கைவிட 40 டிகிரி கூடுதல் சூடானால் சுமார் 0.14 மி.மீ. நீளும். இரண்டு பேரிங்குகளையும் இரு பக்கமும் மூடியால் பூட்டிவிட்டால் அந்த நீட்சிக்குப் போக இடமில்லை. பந்துகள் வளையத்தின் ஓரத்தில் ஏறி நெரிபடும். அதனால் ஒரு பேரிங்கைப் பூட்ட வேண்டும், மற்றதை வெளிவளையம் துளைக்குள் நகரும்படி விட வேண்டும். எந்தப் பக்கம் பூட்டுவது என்பதும் ஒரு முடிவுதான். ஷாஃப்ட்டின் எந்த முனையில் அச்சுத்திசைத் துல்லியம் வேண்டுமோ அந்தப் பக்கம் பூட்ட வேண்டும்.

ஷாஃப்ட்டில் விட்டம் மாறும் மூலையும் கவனிக்க வேண்டிய இடம். கூர்மையாக விட்டால் அங்கே தகைவு குவிந்து நாளடைவில் விரிசல் பிறக்கும். அதனால் வளைவு கொடுக்க வேண்டும். ஆனால் வளைவு பெரிதானால் பேரிங் தோளோடு ஒட்டி உட்காராது, ஏனென்றால் 6205-இன் உள்வளைய மூலையின் ஆரம் 1 மி.மீ. அளவில்தான் இருக்கும். ஷாஃப்ட்டின் வளைவு அதைவிடச் சிறிதாக இருந்தாக வேண்டும். இவ்வளவு விவரமும் பேரிங் கேட்டலாக்கில் அதே வரிசையில், அதே பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. விட்டத்தையும் விலையையும் பார்த்துவிட்டுக் கேட்டலாக்கை மூடுபவர்களே அதிகம். ஒரு நல்ல பேரிங் கேட்டலாக்கின் முன்பகுதியில் உள்ள பொறியியல் பக்கங்களைப் பொறுமையாகப் படித்தால், விலையில்லாமல் கிடைக்கும் ஒரு பாடநூல் அது.

கல்லூரியில் பரீட்சை அறைக்குள் கொண்டுபோன பி.எஸ்.ஜி. டிசைன் டேட்டா புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் போட்டுவிடாதீர்கள். பரீட்சைக்காகப் புரட்டியபோது அது வெறும் அட்டவணைகள். வேலையில் ஒரு ஷாஃப்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு புரட்டும்போது ஒவ்வொரு அட்டவணையும் ஒரு கேள்விக்கு விடை. பெங்களூரு சி.எம்.டி.ஐ. நிறுவனம் தொகுத்த இயந்திரக் கருவி வடிவமைப்புக் கையேடு, பாண்டாரியின் பாடநூல், ஷிக்லியின் பாடநூல் ஆகிய மூன்றும் மேசையில் இருந்தால் முதல் ஐந்து வருடங்களுக்குப் போதும். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்.பி.டெல். பாடங்கள் இலவசம். இயந்திர உறுப்புகள் பற்றிய பாடத்தை வேலை பார்த்துக்கொண்டே கேட்டால் கல்லூரியில் கேட்டதைவிட இரட்டிப்பாக ஏறும்.

இனி ஷாப் ஃப்ளோர். புதியவர்கள் டிராயிங்கில் செய்யும் மிகப் பொதுவான பிழை, எல்லா அளவுக்கும் இறுக்கமான டாலரன்ஸ் போடுவது. கவனமாக இருப்பதாக நினைத்துத்தான் போடுகிறார்கள். ஆனால் ஒரு மூடியின் வெளி விட்டத்துக்கு 0.02 போட்டால், லேத்தில் ஒரே ஓட்டத்தில் முடிய வேண்டிய ஜாப் கிரைண்டிங்குக்குப் போகும். வரிசையில் காத்திருக்கும், செலவு ஏறும், மூடியின் வேலையில் கடுகளவு மாற்றமும் இராது. தேவையில்லாத இடங்களைப் பொது டாலரன்ஸுக்கு விட்டுவிட வேண்டும். ஐ.எஸ்.ஓ. 2768-இன் நடுத்தர வகுப்பில் 30 முதல் 120 மி.மீ. வரையிலான அளவுக்குக் கூட்டியோ குறைத்தோ 0.3 மி.மீ. வரை அனுமதி உண்டு. பெரும்பாலான அளவுகளுக்கு அது தாராளம். பேரிங் உட்காரும் இடம், டோவல் பின் துளை, சறுக்குப் பரப்பு போன்ற ஐந்தாறு இடங்களில்தான் மைக்ரான் பேச வேண்டும். ஒரு டிராயிங்கில் எந்த ஐந்து அளவு முக்கியம் என்று சொல்லத் தெரிவது பெரிய திறமை.

இதை யாரிடம் கற்பது? நீங்கள் வரைந்ததைச் செய்பவரிடம். காலையில் பதினைந்து நிமிடம் முன்னதாக வந்து, உங்கள் டிராயிங் எந்த மெஷினில் ஓடுகிறதோ அங்கே போய் நில்லுங்கள். டர்னரிடமும் ஃபிட்டரிடமும் மரியாதையாகக் கேட்டால் சொல்லாதவர் அரிது. அசெம்பிளியில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“தம்பி, இந்த எம்12 போல்ட்டை எங்கிருந்து முடுக்கறதுங்க? மேல மோட்டார் உக்காந்துக்குமே. 19 ஸ்பேனர் திரும்பறதுக்கு எடமில்லீங்க.”

“மோட்டாரைக் கடைசியா மாட்டிக்கலாங்களாண்ணா?”

“இன்னைக்கு மாட்டிக்கலாம். நாளைக்குப் பேரிங் போனா, பேரிங்கை மாத்த மோட்டாரையும் சேர்த்துல்ல கழட்டோணும்?”

மாடலில் போல்ட் அழகாகத் துளைக்குள் உட்கார்ந்திருக்கும். ஸ்பேனரும் கையும் மாடலில் இருப்பதில்லை. எந்த வரிசையில் பூட்டுவது, எந்த வரிசையில் கழற்றுவது, பேரிங்கை வெளியே எடுக்க புல்லரின் கால் எங்கே பிடிக்கும் என்பதையெல்லாம் ஃபிட்டர்தான் பார்க்கிறார். அவர் ஒருமுறை சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த டிராயிங்கில் சரிசெய்து, அதை அவரிடமே காட்டுங்கள். அதன் பிறகு அவரே உங்களைத் தேடி வந்து சொல்வார்.

பெண் இன்ஜினியர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் தடை இருக்கிறது. பல நிறுவனங்களில் அவர்களை ஏசி அறையில் மாடல் வேலைக்கு மட்டும் அமர்த்திவிட்டு, ஷாப் ஃப்ளோருக்கும் சைட்டுக்கும் ஆண்களை அனுப்புகிறார்கள். அக்கறையால் செய்வதாகவே நினைக்கிறார்கள். விளைவு, மூன்று வருடம் கழித்துக் காரணங்களைச் சேர்த்தவர் ஒருவர், சேர்க்க விடப்படாதவர் இன்னொருவர். மேலாளராக இருப்பவர்கள் இதை மாற்ற வேண்டும். மாற்றாத இடத்தில், ‘என் டிராயிங் பூட்டப்படும்போது நான் அங்கே இருக்க வேண்டும்’ என்று கேட்பதில் தயங்க வேண்டாம். வேலைக்கு அவசியமான கோரிக்கை அது.

கணினிப் பகுப்பாய்வு மென்பொருள் பற்றிக் கேட்பார்கள். கற்க வேண்டியதுதான். ஆனால் மேலே பார்த்த ஷாஃப்ட்டின் வளைவைக் கையால் போடத் தெரியாதவருக்கு, திரையில் சிவப்பும் நீலமுமாக வரும் படம் சரியா தவறா என்று எப்படித் தெரியும்? பேரிங் உள்ள இடத்தை அசையாத பிடிப்பு என்று கொடுத்தால் ஒரு விடை, திரும்பக்கூடிய தாங்கல் என்று கொடுத்தால் வேறு விடை. இரண்டும் பல மடங்கு வித்தியாசப்படும். மென்பொருள் இரண்டையும் ஒரே அழகில் வரைந்து காட்டும். முதலில் தாளில் ஒரு தோராயம், பிறகு மென்பொருள், இரண்டும் ஒத்துவராவிட்டால் ஏன் என்று தேடுவது என்ற வரிசையைப் பழக்கமாக்கிக்கொண்டால் நல்லது.

எந்த வகை நிறுவனம் நல்லது என்பதற்கு ஒரே விடை இல்லை. என் சாய்வைச் சொல்கிறேன். தனிப்பயன் இயந்திரங்கள், ஃபிக்ஸ்சர்கள் செய்யும் சிறு நிறுவனத்தில் ஒரு வருடத்தில் பல இயந்திரங்கள் பிறந்து வெளியே போவதைப் பார்க்கலாம். மோட்டார் தேர்வு முதல் கடைசி பெயின்ட் வரை எல்லாம் கண்முன்னே நடக்கும். சம்பளம் குறைவு, முறையான ஆவணம் குறைவு, நேரம் காலம் கிடையாது. பெரிய நிறுவனத்தில் ஒழுங்கான டிசைன் ரிவ்யூ, சோதனை வசதி, தரநிலைகளைப் பின்பற்றும் பழக்கம் எல்லாம் கிடைக்கும். ஆனால் ஒரே பிராக்கெட்டை மூன்று வருடம் பார்த்துக்கொண்டிருக்கும் அபாயமும் உண்டு. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு டிராயிங் செய்து கொடுக்கும் சேவை நிறுவனங்களில் மென்பொருளும் வெளிநாட்டுத் தரநிலைகளும் நன்றாகப் பழகும், ஆனால் வரைந்த பாகத்தை ஒருநாளும் கையில் தொட முடியாது. முதல் மூன்று வருடம், பாகம் கண்முன்னே உருவாகும் இடமாக இருந்தால் நல்லது. அதற்காகக் கொஞ்சம் சம்பளத்தை விட்டுக்கொடுக்க வீட்டு நிலைமை இடம் தந்தால் விட்டுக்கொடுங்கள். இடம் தராவிட்டால் வருந்த வேண்டாம். பெரிய நிறுவனத்துக்குள்ளேயே சோதனைப் பிரிவுக்கோ அசெம்பிளிக்கோ சில மாதம் மாற்றல் கேட்கலாம்.

படித்து முடித்தும் வேலை அமையாதவர்கள் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தை ஒதுக்க வேண்டாம். பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் ஒரு வருடப் பயிற்சி, உதவித்தொகையோடு கிடைக்கிறது. தென்மாநிலங்களுக்கான வாரியம் சென்னைத் தரமணியில் உள்ளது. உதவித்தொகை சிறிதுதான். ஆனால் ஒரு தொழிற்சாலையின் வாசலைத் தாண்டி உள்ளே நிற்பதற்கு அது ஒரு வழி. சென்னையில் அம்பத்தூர் உற்பத்தியாளர் சங்கம் நடத்தும் ஆக்மி, கோவையில் கொடிசியா நடத்தும் இன்டெக், பெங்களூரில் நடக்கும் இம்டெக்ஸ் போன்ற கண்காட்சிகளுக்குப் போனால் பையில் காகிதம் நிரப்பிக்கொண்டு வராதீர்கள். ஒரே ஒரு இயந்திரத்தின் முன் அரை மணி நேரம் நின்று, கார்டு எப்படித் திறக்கிறது, எண்ணெய் எங்கே வடிகிறது, கேபிள் எந்த வழி போகிறது என்று பாருங்கள்.

வேலை மாறும்போது எதைக் காட்டுவது என்ற கேள்வி பழையது. 1829-இல் ஜேம்ஸ் நாஸ்மித் என்ற ஸ்காட்லாந்து இளைஞர், லண்டனில் இருந்த ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறைக்கு வேலை கேட்டுப் போனார். துல்லிய இயந்திரக் கருவிகளுக்கு அன்று அந்தப் பட்டறையே தலைமையிடம். திருகு மரையைத் தரப்படுத்திய ஜோசப் விட்வொர்த்தும் அங்கே வேலை பார்த்தவர்தான். நாஸ்மித் தம் கையால் செய்த ஒரு சிறு நீராவி இயந்திரத்தையும், தாம் வரைந்த வரைபடங்களையும் கொண்டுபோனார். அதைப் பார்த்த மாட்ஸ்லே அவரைத் தம் சொந்த உதவியாளராகவே வைத்துக்கொண்டார். பிற்காலத்தில் நீராவிச் சம்மட்டியை வடிவமைத்தவர் அந்த நாஸ்மித்.

இன்று நீங்கள் கொண்டுபோக வேண்டியதும் அப்படி ஒன்றுதான். ஆனால் வேலை பார்க்கும் நிறுவனத்தின் டிராயிங்கைப் பென் டிரைவில் எடுத்துப் போகாதீர்கள். அது திருட்டு. நேர்முகம் நடத்துபவரும், நாளை நம் டிராயிங்கையும் இவர் இப்படித்தான் கொண்டுபோவார் என்று நினைப்பார். வீட்டில் சொந்தமாக ஒரு சிறிய பொருளை வடிவமையுங்கள். ஒரு பெஞ்ச் வைஸ், ஒரு சிறு கியர் பெட்டி, பேரிங் கழற்றும் புல்லர், எதுவானாலும் சரி. சுமைக் கணக்கு இரண்டு பக்கம், அசெம்பிளி டிராயிங் ஒன்று, பாக டிராயிங் நான்கைந்து, ஒவ்வொரு ஃபிட்டுக்கும் எஃகுக்கும் ஏன் என்று ஒரு வரி. முடிந்தால் பக்கத்துப் பட்டறையில் செய்து பாருங்கள். செய்யும்போது எது மாறியது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். நேர்முகத்தில் அந்தத் தாள்களை மேசையில் வைத்தால் பேச்சு தானாகவே உங்கள் கணக்குகளுக்குள் வந்துவிடும்.

எம்.இ. படிக்கலாமா என்றும் கேட்பார்கள். வேலையில் உங்களைத் தொடர்ந்து தடுக்கும் கேள்வி ஒன்று இருந்தால், அதிர்வோ உராய்வோ சோர்வு முறிவோ, அந்தக் கேள்விக்காகப் படியுங்கள். அடுத்து என்ன செய்வது என்று தெரியாததற்காக மட்டும் படிக்க வேண்டாம்.

இப்போது இருக்கும் இடத்திலேயே அடுத்த படிக்கு ஏற, மேலாளரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. ‘எனக்குப் பெரிய வேலை கொடுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் அவருக்கு எதைக் கொடுப்பதென்று தெரியாது. ‘அடுத்த இயந்திரத்தில் பெல்ட் டிரைவ் பகுதியை முழுவதும் நான் பார்க்கிறேன். கணக்கு, டிராயிங், வெண்டரிடம் பேசுவது, பூட்டும்போது உடனிருப்பது, ஆறு மாதம் கழித்து வரும் புகார் வரை என் பொறுப்பு. கணக்கை இந்த வெள்ளிக்கிழமை உங்களிடம் காட்டுகிறேன்’ என்று கேளுங்கள். பகுதி சிறியதாக இருப்பதால் அவருக்கும் பயம் இராது. வெள்ளிக்கிழமை அவர் முன் உட்காரும்போது மாடலைத் திறக்காதீர்கள், அந்த இரண்டு பக்கத் தாளை முதலில் வையுங்கள். சுமை எங்கிருந்து வருகிறது, எந்தப் பேரிங்கில் எவ்வளவு விழுகிறது, எதைப் பூட்டி எதை விட்டிருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அவர் எங்கே நிறுத்திக் கேள்வி கேட்கிறாரோ அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை வேலை அங்கிருந்து தொடங்கும்.